பையை யாரிடம் கொடுத்துவிட்டுக் கால் நனைப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழின் இணைப்பில் கடற்கரை ஊர்களைப் பற்றி ஒரு முழுப் பக்கச் சுற்றுலாக் கட்டுரை வந்திருந்தது. நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் அதில் 'குடும்பத்தோடு' என்ற சொல் பதினொரு தடவை வருகிறது. குடும்பத்தோடு கண்டு களிக்கலாம், குடும்பத்தோடு படகில் போகலாம், குடும்பத்தோடு மாலைப் பொழுதைக் கழிக்கலாம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவள் நான். எதையும் எண்ணிப் பார்ப்பது கையோடு ஒட்டிக்கொண்ட பழக்கம், தவறாக நினைக்க வேண்டாம். ஒற்றை ஆளாகப் போகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வயது அறுபத்தொன்று. இருப்பது திருவண்ணாமலையில். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தனியாகப் புதுச்சேரி போய் வந்தேன். செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அருங்காட்சியகங்கள் பலவும் திங்களன்று மூடியிருக்கும். பௌர்ணமி இல்லாத நாளாகவும் பார்த்துக்கொண்டேன், இல்லையென்றால் திரும்பி வரும் பேருந்தில் கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டே வர வேண்டியிருக்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியும்.

இதற்கு முன்னும் மூன்று தடவை புதுச்சேரி போயிருக்கிறேன். குடும்பத்தோடுதான். அந்த மூன்று தடவையும் நான் அங்கே பார்த்தது என்ன என்று யோசித்தால், பைகள். பிள்ளைகளின் பை, நாத்தனாரின் பை, வீட்டுக்காரரின் கேமரா, எல்லோருடைய செருப்பும். எல்லோரும் தண்ணீரில் இறங்குவார்கள், நான் கரையில் ஒரு துண்டை விரித்து அவற்றை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. அது அப்படித்தான் அமைந்துவிட்டது. 'நீ வரலையா?' என்று கேட்பார்கள். 'நீங்க போங்க, நான் இதெல்லாம் பாத்துக்கறேன்' என்பேன். சரி என்று போய்விடுவார்கள்.

இந்தத் தடவை தனியாகப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. 'அங்க போய் என்ன பண்ணுவ?' என்றார் என் வீட்டுக்காரர். 'ஒண்ணும் பண்ண மாட்டேன், பாத்துட்டு வருவேன்' என்றேன். பக்கத்து வீட்டம்மா, 'யாராச்சும் ஆஸ்பத்திரியில இருக்காங்களா?' என்று விசாரித்தார். தனியாகப் பாண்டிக்குப் போனேன் என்று ஓர் ஆண் சொன்னால் ஊர் வேறு மாதிரி சிரிக்கும், அது தனிக்கதை.

விடியற்காலை ஐந்து மணிப் பேருந்து. செஞ்சி வரும்போது வெளிச்சம் பரவத் தொடங்கி, மலை மேல் கோட்டைச் சுவர் மட்டும் கோடு போட்டாற்போலத் தெரிந்தது. ஜன்னல் ஓரம் நான்தான். குடும்பத்தோடு போனால் ஜன்னல் ஓரம் எனக்கு எப்போது கிடைத்திருக்கிறது?

புதுச்சேரியைப் போல ஒற்றை ஆளுக்கு ஏற்ற ஊர் குறைவு என்றுதான் சொல்வேன். பழைய நகரத்தில் வீதிகள் எல்லாம் கட்டம் போட்டாற்போல நேராக ஓடுகின்றன. நடுவே வடக்கு தெற்காகப் பெரிய வாய்க்கால். அதற்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பகுதி, மேற்கே தமிழர் பகுதி. வழி தவறினால் பயப்பட ஒன்றுமில்லை, கிழக்கே திரும்பி நடந்தால் கடல் வந்துவிடும். அப்படியும் நான் ஓரிடத்தில் தவறினேன். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு காவலரிடம் பாரதியார் வீட்டுக்கு வழி கேட்டேன். வழியைச் சொல்லிவிட்டு, என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, 'தனியாவா வந்தீங்கம்மா?' என்றார். அன்று அந்தக் கேள்வியை ஆறு பேர் கேட்டார்கள். இதையும் எண்ணினேன்.

ஈசுவரன் தர்மராசா கோயில் வீதியில் இருக்கிறது பாரதி வாழ்ந்த வீடு. 1908இல் பிரிட்டிஷ் போலீஸ் பிடித்துவிடும் என்று சென்னையிலிருந்து இங்கே வந்தவர், பத்து வருடம் இருந்தார். இது பிரெஞ்சு மண், அவர்கள் கை இங்கே நீளாது. வேவு பார்க்க ஆட்கள் மட்டும் தெருவில் நின்றபடியே இருந்தார்கள். பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு எல்லாம் இந்த ஊரில் எழுதியவைதான். 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் கால் வைத்ததும் பிடித்துவிட்டார்கள். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் அந்த வீட்டுக்குள் சத்தமில்லாமல் நின்று, இந்தத் தெருவில் ஒருவன் பத்து வருடம் ஊருக்குப் போக முடியாமல் நடந்திருக்கிறான் என்று நினைக்க நேரம் வேண்டும். போன தடவை இங்கே வந்தபோது நாங்கள் இருந்தது எட்டு நிமிடம். வெளியே வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

அப்புறம் செயின்ட் லூயி வீதியில் இருக்கும் அருங்காட்சியகம். இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் அன்று நான் அதிக நேரம் நின்றது இங்கேதான். ஊருக்குத் தெற்கே நாலைந்து கிலோமீட்டரில் அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டிப் பார்த்து, ரோமாபுரியோடு வாணிகம் நடந்த துறைமுகம் என்று உலகத்துக்குச் சொன்னார். அங்கே கிடைத்த ரோமானிய மதுச் சாடிகளின் துண்டுகள், மட்பாண்டங்கள், மணிகள் இந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சாடித் துண்டுகளைப் பெரியவர்கள் பார்க்கட்டும். நான் மணிகளைப் பார்த்தேன். கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கண்ணாடியைக் குழலாக இழுத்து, அதைத் துண்டு துண்டாக நறுக்கிச் செய்தவை. அந்தத் துக்கினியூண்டு மணிக்குள் நூல் நுழைய ஓட்டை இருக்கிறது. என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தேன். நீலம், பச்சை, செங்கல் நிறம். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் இதை நறுக்கியவரின் கண் எப்படி இருந்திருக்கும்! நூலில் கோர்த்தது யார், பெண்களாக இருக்குமோ? இருபத்தைந்து நிமிடம் ஒரே கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றேன். 'போலாமா?' என்று ஒருவரும் கேட்கவில்லை.

அங்கேயே புஷ்புஷ் என்று ஒரு பழைய வண்டியும் இருக்கிறது. ரிக்‌ஷா மாதிரிதான், ஆனால் இழுப்பதில்லை, ஆள் பின்னாலிருந்து தள்ளுவார். உட்கார்ந்திருப்பவர் முன்னால் இருக்கும் கைப்பிடியைப் பிடித்துத் தானே திருப்பிக்கொள்ள வேண்டும். போகிற திசை உங்கள் கையில், போவது இன்னொருவர் காலில். என் அலுவலக நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. அங்கே நான் தள்ளும் பக்கம்.

மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தனி ஆள் என்றதும் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசையைக் காட்டினார்கள். நாலு பேர் மேசையில் ஒருவர் உட்கார்ந்தால் அவர்களுக்கு நஷ்டம், அது எனக்குப் புரிகிறது. மீன் குழம்பு நன்றாக இருந்தது. ஆனால் எதிரே யாரும் இல்லாமல் சாப்பிடும்போது கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் தெரியவில்லை. அதற்குப் பழக்கம் வேண்டும் போலிருக்கிறது. முதல் ஐந்து நிமிடம் ஊறுகாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் தாழும்வரை பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்துக்கு எதிரே ஒரு பெஞ்சில் இருந்தேன். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த நினைவாகக் கட்டிய மண்டபம் அது. ஆயி என்பவள் ஒரு தாசி. அவள் வீட்டைக் கோயில் என்று நினைத்து விஜயநகர ராஜா கும்பிட்டுவிட்டாராம். உண்மை தெரிந்ததும் கோபத்தில் வீட்டை இடிக்கச் சொன்னாராம். அவள் தானே இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாளாம். ஊருக்கு வந்தது அந்தக் குளத்துத் தண்ணீராம். கர்ணபரம்பரைக் கதைதான். ஆனாலும் கும்பிட்டது அவர், வீடு போனது அவளுக்கு என்பதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த பெஞ்சில் அரை மணி தூங்கியும் விட்டேன், பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு.

இந்தப் பைதான் நான் சொல்ல வந்த விஷயம்.

அன்று நான் போன இடங்களில் ஒன்றில் (எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை, அந்தத் தம்பி தன் வேலையைத்தான் செய்தார்) வாசலில் நிறுத்தினார்கள். பையை உள்ளே கொண்டுபோகக் கூடாது. சரி, எங்கே வைப்பது என்றேன். 'கூட வந்தவங்ககிட்ட குடுத்துட்டு வாங்கம்மா' என்றார் அந்தத் தம்பி. கூட யாரும் வரவில்லை என்றேன். அவருக்கு அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்த இடத்து ஏற்பாடே கூட ஒருவர் வருவார் என்று நம்பித்தான் இருக்கிறது. கடைசியில், 'அந்த ஓரமா வச்சிட்டுப் போங்க, ஆனா நாங்க பொறுப்பில்ல' என்றார். வைத்துவிட்டுப் போனேன். உள்ளே இருந்ததைப் பாதிக் கண்ணால்தான் பார்த்தேன், மீதிப் பாதி வாசலில் இருந்தது.

வெளியே வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருடமாக அந்தக் 'கூட வந்தவங்க' நானாகத்தானே இருந்தேன்!

பேருந்து நிலையத்தில் எங்காவது பையைக் கொடுத்துவிட்டு வரலாமே என்று சிலர் சொல்வார்கள். என் பையில் இருந்தது இரத்த அழுத்த மாத்திரை, தண்ணீர் பாட்டில், குடை, ஒரு மாற்றுச் சேலை, துண்டு, ஸ்வெட்டர். நாள் முழுக்க இது கைக்கெட்டும் இடத்தில் வேண்டும், அரை மணி நேரம் மட்டும் வேண்டாம். அந்த அரை மணிக்குத்தான் வழியில்லை. கட்டணக் கழிப்பறையிலும் இதே கதை. கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி கிடையாது. தரை ஈரம். பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, புடவையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு... எழுத வேண்டாம், பெண்களுக்குத் தெரியும்.

மாலை கடற்கரைச் சாலைக்குப் போனேன். ஆறு மணிக்குத் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், மறுநாள் காலை ஏழரை வரை நடப்பவர்களுக்குத்தான் சாலை. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கல்தூண்களும் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தவை. காலையில் நான் பேருந்தில் வந்த அதே பக்கத்திலிருந்து அந்தக் கனம் எல்லாம் வந்திருக்கிறது! தூணைத் தொட்டுப் பார்த்தேன். பகல் வெயில் இன்னும் கல்லுக்குள் இருந்தது. எதிரே 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம். 1979இல் அணைத்துவிட்டார்கள், இப்போது சும்மா நிற்கிறது, என்னைப் போல ஓய்வு பெற்று.

முன்பு நாங்கள் வந்தபோது இங்கே மணலே கிடையாது, கரும்பாறைகள்தான். தண்ணீரில் இறங்க வேறு கரைக்குத்தான் போவோம். 1989இல் தெற்கே ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதை மறித்துக்கொண்டது, வடக்கே கரை கரைந்துபோனது. மிச்சத்தைக் காப்பாற்றப் பாறைகளைக் கொட்டினார்கள். 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் இரும்பில் ஒரு செயற்கைத் திட்டை இறக்கினார்கள். அலையின் வேகம் அதில் உடைந்து, மணல் திரும்பி வந்து தங்கத் தொடங்கியது. ஆக, முப்பது வருடம் காணாமல் போயிருந்த மணல் அது. அதில் கால் வைக்காமல் திரும்புவதா?

செருப்பைக் கழற்றினேன். பையைப் பார்த்தேன். கடலைப் பார்த்தேன். பையோடு இறங்கினால் அலை ஒரு தடவை ஏமாற்றினால் போதும், மாத்திரை, கைப்பேசி, திரும்பிப் போகும் பணம் எல்லாம் போச்சு. கரையில் வைத்தால் பை போச்சு. பக்கத்தில் ஒரு குடும்பம். வழக்கம்போல அவர்களில் ஒரு அம்மா துண்டை விரித்து, நடுவில் செருப்புகளைக் குவித்து உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்க எனக்கு மனசு வரவில்லை. ஏற்கெனவே ஏழு ஜோடி.

சுண்டல் விற்கும் ஒரு பெண் என் தவிப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். 'யம்மா, எதுக்கு யோசிக்கிற? இப்படி வை, நான் எங்க போகப் போறேன்' என்று சுண்டல் கூடைக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினாள். வைத்தேன். 'ரொம்ப உள்ள போவாத, இங்க இழுப்பு ஜாஸ்தி' என்று பின்னாலிருந்து கத்தினாள். கணுக்காலுக்கு மேல் போகவில்லை. அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியிலிருந்து மணலை அரித்துக்கொண்டு போகிறதே, அப்போது உடம்பு லேசாகப் பின்னால் சாய்கிறது. இது எனக்குத் தெரியாது. அறுபத்தொரு வயதில் முதல் தடவையாகத் தெரிந்துகொண்டேன். பத்து நிமிடம் நின்றிருப்பேன். திரும்பிப் பார்த்தபோது அவள் என் குடையை விரித்துக் கூடைக்குக் காற்று மறைப்பாக வைத்திருந்தாள். கூலி கொடுத்தால் வாங்கவில்லை. இரண்டு பொட்டலம் சுண்டல் வாங்கிக்கொண்டேன்.

ஆசிரியர் அவர்களே, நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நம் ஊரில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் வாசலில் செருப்பு ஸ்டாண்டு இருக்கிறது. ஒரு பலகை, நாலு தட்டு, எண் போட்ட தகர டோக்கன், ஓர் ஆள். அதையே கடற்கரையிலும் அருங்காட்சியக வாசலிலும் கலங்கரை விளக்கத்தடியிலும் பைக்கு வைத்தால் என்ன? மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் கொடுத்தால் நாலு பேருக்கு வேலையாகவும் ஆகும். கழிப்பறைக் கதவுகளுக்கு ஒரு கொக்கி, இரண்டு திருகாணி. பையை உள்ளே விடமாட்டோம் என்று பலகை வைக்கிற இடத்தில், எங்கே வைக்கலாம் என்பதையும் அதே பலகையில் எழுதச் சொல்ல வேண்டும். இடம் இல்லையென்றால் அப்படிப் பலகை வைக்க என்ன உரிமை இருக்கிறது என்றும் யாராவது கேட்க வேண்டும்.

உங்கள் இணைப்பிதழ்க்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த தடவை ஓர் ஊரைப் பற்றி எழுதும்போது, தனியாக வருபவருக்கென்று நாலு வரி சேருங்கள். பை வைக்க இடம் உண்டா, கழிப்பறை எங்கே, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, எந்த இடத்துக்கு நடந்தே போகலாம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் அது உதவும், குறிப்பாகத் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவுக்கு.

இரவு வீடு திரும்பப் பதினொன்றரை ஆகிவிட்டது. வீட்டுக்காரர் தூங்காமல் இருந்தார். ஆறிப்போன சுண்டலைச் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். மணிகளைப் பற்றி இரண்டு தடவை கேட்டார். அடுத்து தரங்கம்பாடி, டேனிஷ்காரர்கள் கோட்டையைப் பார்க்கப் போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, 'பையைப் பாத்துக்க நான் வேணா வரட்டுமா?' என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருவண்ணாமலை.